ஆறாவது பாட்டின் மணம்

இம்ரானின் ராக் இசைத்தொகுப்பை எங்கே போட்டாலும் அந்த அறையில் அடுப்பில் குழம்பு இருப்பதுபோல மீன் ஆணம் மணக்கும். முதல் பாட்டில் மல்லி, அடுத்ததில் சோம்பு, மூன்றாவதில் மிளகு என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசிப் பாட்டில் எல்லாம் சேர்ந்து கொதிக்கும். 2022இல் அது வெளியானபோது ஜார்ஜ்டவுனில் யாரும் சட்டை செய்யவில்லை. கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாமே இம்ரான் ஒருவன்தான். சூலியா தெருப் பக்கம் இருந்த தன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேலே, மசாலா அறையை ஒட்டிய அறையில், ஒவ்வொரு கருவியாகத் தனித்தனியே பதிந்து சேர்த்திருந்தான். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை. மறு வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை ஆண்டின் சிறந்த பத்தில் வைத்தன. ஒரு விமர்சகர் கிட்டாரைப் பற்றி இரண்டு வரியும் மணத்தைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதினார். பத்து காவான் என்ற ஊரில் விடுதியில் தங்கியிருந்த தொழிற்சாலை ஆட்கள் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைப் போட்டே சாப்பிட்டு முடித்தார்கள். நன்றாக இருந்ததாகத்தான் சொன்னார்கள்.

செய்தி கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய அத்தா அப்துல் அஜீஸ் வெலவெலத்துப் போனார். அந்த மசாலாவின் அளவு அவரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. 1998இல் கடை திறந்த நாள்முதல் கதவைச் சாத்திக்கொண்டு தானே கலந்தவர். அளந்த கரண்டியைக்கூடத் தானே கழுவுவார். மகனுக்கே சொல்லாதது பாட்டில் எப்படி ஏறியது? இரண்டு அறைக்கும் நடுச்சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. மளிகைக்காரர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். எதிரே சோற்றுக்கடை வைத்திருந்த சாஹித், காதில் ஹெட்போனும் கையில் நோட்டுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"யாருகிட்டடா வித்த?" என்று மகனைக் கேட்டார்.

"நான் பாட்டுத்தான் போட்டேன் அத்தா. மணம் எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுலா."

"தெரியாதவன் இந்த வீட்ல இருக்க வேணாம்."

இம்ரான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டிலிருந்த கூட்டாளி வீட்டுக்குப் போனவன்தான், பதினான்கு மாதம் திரும்பவில்லை. அவன் தாய் நோர்மா தேவைக்கு மட்டும் வாய் திறந்தாள். அஜீஸ் அதையும் சந்தேகப்பட்டார். மகன் இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் கடையின் பேராயிற்றே, எப்படி விட்டுக்கொடுப்பது?

அந்த இடைவெளியில் சாஹித் கடையிலும் அதே மீன் ஆணம் வந்தது. கூட்டமாகப் போனவர்கள் இரண்டே வாரத்தில் அஜீஸிடம் திரும்பி வந்தார்கள். கசக்கிறது என்றார்கள். நம்பாமல் ஆள் விட்டு ஒரு பொட்டலம் வாங்கிவந்து தொட்டு நக்கிப் பார்த்தார். மல்லி சரி, சோம்பு சரி, அளவெல்லாம் அச்சு அசல் அவருடையது. ஆனாலும் கசந்தது. தன் மசாலா எப்படிக் கசக்கும்? முதல் தடவையாக அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மாடிக்கு ஏறி, இரைச்சல் என்று அதுவரை தொடாத அந்தத் தொகுப்பைப் போட்டுக் கேட்டார். ஐந்து பாட்டுவரை எல்லாம் அவர் போட்ட சாமான்தான். ஆறாவதில் டிரம்ஸ் இல்லை. ஒற்றைக் கிட்டாரும் மகன் குரலும் மட்டும். வந்த மணம் அவருடையது அல்ல. வறுத்து இடித்த தேங்காய், மலாய்க்காரர்கள் கெரிசிக் என்பார்களே, அது. அவர் மசாலாவில் தேங்காயே கிடையாது. சாஹித்தும் அதை மோந்திருக்கிறான். தன்னை ஏமாற்ற அஜீஸ் செய்த வேலை என்று நினைத்து அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டான். அஜீஸ் மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

"தேங்காய் யாரு போடுறது?"

நோர்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நான்தான். கடை தொறந்த ரெண்டாவது மாசத்துலருந்து. ஒங்க மசாலா கசந்துச்சு, ஆளே வரல. நீங்க விடியக்காலை சுபுஹுத் தொழுகைக்குப் போற நேரத்துல வறுத்து இடிச்சுச் சட்டியில போட்டுருவேன். அப்புறம்தான் கூட்டம் வந்துச்சு. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது?"

"இம்ரானுக்குத் தெரியுமா?"

"அந்த உரல் சத்தத்துலதான் தெனம் எந்திரிப்பான். பொறந்ததுலருந்து இதப் பத்தி ஒங்ககிட்ட வாயத் தொறக்காத புள்ள, ஒங்க மசாலாவையா போய் விப்பான்?"

அஜீஸுக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அங்கேயே போனை எடுத்து, "வாடா வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் இம்ரான் கிட்டாரோடு வந்து மாடிக்குப் போனான்.

மறுநாள் சுபுஹு முடிந்ததும் அஜீஸ் நேரே வீட்டுக்கு வரவில்லை. கடற்கரைத் திடல்வரை நடந்து, கல் பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய் இடித்து முடிக்கும் நேரம் கழித்துத்தான் திரும்பினார். இன்றுவரை அப்படித்தான் சுற்றி வருகிறார்.