அறையில் இரண்டு பெண்கள்

திருப்பதி வாடகை அறையில் இருந்த காஞ்சனாவின் கம்ப்யூட்டர், அவள் போனிலிருந்த படங்களையெல்லாம் விவரித்து முடிக்க நாற்பத்தொரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த அறையில் அவள் தன்னையே எடுத்துக்கொண்ட ஒவ்வொரு படத்திலும் இரண்டு பெண்கள் இருப்பதாக எழுதியது. அங்கே குடியிருந்தவள் காஞ்சனா ஒருத்திதான். தேடி எடுக்க வசதியாகப் படத்துக்கு ஒரு வரி இருக்கட்டும் என்று படங்களை விவரிக்கும் ஏஐ மாடல் ஒன்றை இறக்கியிருந்தாள். தன் படங்களை வெளியே எங்கும் அனுப்பக் கூச்சம். ஆகவே எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடியது.

இரண்டாவது பெண்ணுக்கு அதற்கு முன்பே பெயர் இருந்தது. ஸ்ரீசிட்டியில் லேப் வேலை கிடைத்து அறை எடுத்த வாரம், நகரியிலிருந்து அம்மா பச்சையம்மாள் போனில், "தோடு இருக்குதாடி?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் தெலுங்கிலிருந்து எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லுக்குப் பாலில் ஊற்றும் உறைமோர் என்றும் பொருள், துணை என்றும் பொருள். அப்போது அடுப்பருகே பால் ஆறிக்கொண்டிருந்தது.

"இருக்குதும்மா, கீழ் வீட்ல குடுத்தாங்க."

"கீழ் வீட்டுப் பொண்ணா? பேரு இன்னா?"

காஞ்சனாவுக்கு மறுத்துப் பேசி வழக்கமில்லை. வாய்க்கு வந்த பெயராக, சுஷ்மிதா என்றாள்.

"அவ இருக்கிற வரைக்கும் இரு. அவ போனா மறுநாளே வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடணும், ஆமா."

எனவே சுஷ்மிதா போகவில்லை.

மாடல்கள் இல்லாததைச் சொல்லும் என்பது காஞ்சனாவுக்குத் தெரியும். பெரிய மாடல் ஒன்றை இறக்கினாள். கம்ப்யூட்டர் சூடேறி மின்விசிறி இரைந்தது. அதுவும் இரண்டு என்றே எழுதி, மற்றவள் பச்சைத் துப்பட்டாவுடன் கட்டிலின் சுவரோரம் இருப்பதாகச் சேர்த்துக்கொண்டது. படத்தில் அந்த இடத்தில் சுவர் மட்டும் தெரிந்தது. மழைக்காலத்துக்குள் மெத்தையின் அந்தப் பக்கம் பள்ளமானது. வீட்டுக்காரர் நாகபூஷணம், "ரெண்டாவது பொண்ணு துணிய மொட்டமாடியிலயே வுட்டுட்டு போயிடுதும்மா, சொல்லி வையி" என்றார். காஞ்சனா சரி என்றாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் ஒரு படம் எடுப்பாள். சுஷ்மிதா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதாக மாடல் ஒருநாளும் எழுதவில்லை. இப்படி இரண்டு வருஷம் போனது.

ஒரு சனிக்கிழமை பச்சையம்மாள் சொல்லாமல் வந்தாள். காஞ்சனா வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, காலியான இடத்தில் சீப்பை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். சீப்பு ஓரோர் இடத்தில் சிக்கி நின்றது.

"வாடி. இன்னா முடி, பாரு இவளுக்கு! நல்ல புள்ள. நானும் மத்தியானத்துலேருந்து பேசிக்கினே இருக்கேன், வாயே தொறக்க மாட்டேங்கறா. உனக்குன்னு தேடிப் புடிச்சிருக்க."

காஞ்சனா செருப்போடு நின்றாள்.

"இனிமே எனக்கு பயமில்ல. நீ இங்கியே இரு. நைனா கிட்டயும் சொல்லிடறேன்."

காஞ்சனாவுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, ரெண்டு வருஷமா நான் இங்க தனியாத்தாம்மா இருக்குறேன்."

சீப்பு நின்றது. பச்சையம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "கொஞ்சம் நவுந்துக்கோ கண்ணு, இவ உக்காரட்டும்" என்றாள்.

மெத்தையிலிருந்த பள்ளம் சுவரை இன்னும் ஒட்டி நகர்ந்தது.