மூன்றாம் அரங்கில் பதினோரு நிமிடம்

வருஷா வருஷம் பத்து நாள் கலை விழா. நகரத்துக்கே கொண்டாட்டம், அதை நடத்துகிறவர்களுக்குத் திண்டாட்டம். மூன்றாம் அரங்கின் விளக்குக்காரிக்கு இது பதினான்காவது வருஷம். மேடையை ஒட்டிக் கால் நீட்டக்கூட முடியாத ஒரு மரக்கூண்டு, அதில் ஒரு முக்காலி, ஒரு கடிகாரம், இரண்டு பொத்தான். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மஞ்சள் விளக்கு, முடிந்ததும் சிவப்பு. சிவப்பு எரிந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கொம்பனும் இறங்கியாக வேண்டும். இத்தனை வருஷத்தில் ஆயிரம் கச்சேரியாவது அவள் காதில் விழுந்திருக்கும். ஒன்றையாவது கேட்டாளா என்றால், அதுதான் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவே இரண்டு கண் போதவில்லை, இதில் காதை எங்கே கொடுப்பது?

ஒன்பதாம் நாள் மதியம். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆனால் அன்று அசதியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இரண்டரை மணிக்கு அவளுடைய அண்ணன் வாசிக்கிறான்.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மிச்ச நேரமெல்லாம் கிளாரினெட். ஆறு வருஷம் விண்ணப்பம் போட்டு, நாற்பத்தாறு வயதில் அரை மணி நேரம் கிடைத்திருந்தது. நிகழ்ச்சித்தாளில் 'வளரும் கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். அவன் தலையில் வளர முடிகூட மிச்சமில்லை, அது வேறு விஷயம். மூன்று உருப்படிகள். கடைசியானது அவனே மெட்டமைத்தது, ஒன்பது நிமிடம். அடுத்த வருஷம் பெரிய அரங்குக்கு ஆள் பொறுக்குகிற அம்மாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்பது நிமிடத்தை அவர் முழுதாகக் கேட்டால் போதும், தன் தலையெழுத்தே மாறிவிடும் என்று அண்ணன் நம்பினான். தங்கையும் நம்பினாள்.

அவனுக்கு முன்னால் ஒரு பேராசிரியர், 'நாட்டியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று பேச வந்தவர். தோற்றத்திலேயே இருபது நிமிடம் நின்றார். இரண்டு இருபத்தைந்துக்கு அவள் மஞ்சளைப் போட்டாள். அடுத்துக் கண் திறந்தபோது மணி இரண்டு நாற்பத்தொன்று.

பேராசிரியர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். சிவப்பு எரியாதவரை நேரம் தன் பாட்டன் சொத்து என்று நினைக்காத ஆள் மேடையில் உண்டா? பொத்தானை அழுத்தினாள். மனசே இல்லாமல் இறங்கிப்போனார்.

மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு குழந்தைகள் ஆட வேண்டும். காகிதச் சிறகைக் கட்டிக்கொண்டு இப்போதே வரிசையில் நிற்கின்றன. நேரத்தை நகர்த்த வழியில்லை. அச்சடித்த வரிசையை மாற்றவும் விழாக்குழு விடாது. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய அரை மணியில் பதினோரு நிமிடத்தை அவளே தூங்கித் தொலைத்துவிட்டாள்.

அண்ணன் வந்தான். முதல் உருப்படியை என்றுமில்லாத அவசரத்தில் வாசித்தான். இரண்டாவதில் பாதியை முழுங்கினான். தாளக்காரர் தலைதெறிக்கப் பின்னால் ஓடினார். பயத்தில் ஓட்டுகிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவதைத் தொடங்கும்போது இரண்டு ஐம்பத்தைந்து. மஞ்சளைப் போட்டாள்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது துண்டும் துணுக்குமாக அந்த மெட்டைக் கேட்டிருக்கிறாள். இப்படிக் கேட்டதில்லை. மூன்றாவது வரிசை அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிகாரம் மூன்றைத் தொட்டது. அவள் விரல் பொத்தானுக்குப் போகவில்லை.

நடன ஆசிரியை கூண்டுக்குள் தலையை நீட்டினாள். "அக்கா, மணி மூணு! பிள்ளைங்க அழுதுக்கிட்டு நிக்குதுங்க!"

"ஒரே நிமிஷம்மா."

"உங்க அண்ணன்னா மட்டும் ஒரு நிமிஷமா? போன வருஷம் என் பிள்ளைங்களுக்கு அரை நிமிஷம் குடுத்தீங்களா?"

கேட்டது நியாயம்தான். மூன்று இரண்டுக்கு, மெட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே, சிவப்பை அழுத்தினாள்.

அண்ணன் அந்த இடத்திலேயே கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தான். தலை தாழ்த்தி வணங்கிவிட்டு இறங்கினான். முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நாலு பேர் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசை அம்மாள் சற்று நேரம் வெறும் மேடையைப் பார்த்தார். பிறகு தாளில் அவன் பெயரின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

குழந்தைகள் ஆடத் தொடங்கியதும் அண்ணன் கூண்டு வாசலுக்கு வந்தான். கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்தான்.

"அண்ணா, அந்தப் பேராசிரியர் மேல தப்பில்ல," என்றாள் அவள். "நான் தூங்கிட்டேன். உன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு முப்பத்திரண்டுக்கு இங்க வந்தேன். பலகையில சாஞ்சு, வாயைத் திறந்துக்கிட்டுக் கெடந்தே."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பத்தான் வந்தேன். கையைக்கூட நீட்டிட்டேன்." அவன் துணியை மடித்தான். "ஒன்பது நாளா நீ கண்ணை மூடி நான் பார்க்கல. அஞ்சு நிமிஷம் தூங்கட்டுமேன்னு நின்னேன். வேகமா வாசிச்சுச் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். பார்த்துக்கிட்டே நின்னதுல நேரம் போனதே தெரியல. நீ அசைஞ்சதும் மேடைப் பக்கம் ஓடிட்டேன்."

"பதினோரு நிமிஷம்டா, பாவி!" என்று அவன் தோளில் ஓங்கிக் குத்தினாள். அண்ணனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.