பன்னிரண்டு ஆட்டுத்தொடைக்கு ஒரு கவுன்

பாரிஸில் கஸ்தரெல் என்ற பெயரைச் சொன்னால் இன்று எல்லோருக்கும் சென்ட் பாட்டில்தான் நினைவுக்கு வரும். அர்மான் கஸ்தரெல் 1947-இல் தையற்கூடம் திறந்து, பதினாறு வருடம் சீமாட்டிகளுக்கு விருந்து உடைகள் தைத்துக் கொடுத்துவிட்டு, திடீரென்று நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கூடத்தை மூடிவிட்டார்கள். சென்ட் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. முப்பது வருடம் கழித்து, மறுபடியும் உடை தைக்கலாம் என்று நிறுவனத்துக்கு ஆசை வந்தது. முதலில் பழைய கவுன்களைத் தேடிப் பிடித்து ஒரு கண்காட்சி வைப்போம் என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பு, ஆவண அறையில் ஒன்பது வருடமாக வாய் திறக்காமல் வேலை பார்த்த எலோயிஸ் மர்ஷோனின் தலையில் விழுந்தது.

நாற்பது கவுன்கள் கிடைத்துவிட்டன. முக்கியமான ஒன்று மட்டும் சிக்கவில்லை. ஆர்டர் புத்தகத்தில் 118ஆம் எண்ணுக்கு நேராக, "பச்சைப் பட்டு, இளவரசிக்கு" என்று எழுதியிருந்தது. அதில் இளவரசி என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கஸ்தரெல் தன் கையாலேயே "ஆட்டுத்தொடை, 12" என்று எழுதியிருந்தார். தோளில் புசுபுசுவென்று உப்பி மணிக்கட்டில் இறுகும் ஒருவகைச் சட்டைக் கைக்குத் தையற்காரர்கள் ஆட்டுத்தொடை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே நிறுவனத்தின் வரலாற்றை எழுதியவர்கள், பன்னிரண்டு மடிப்பு வைத்த ஆட்டுத்தொடைக் கையோடு ஓர் இத்தாலிய இளவரசி அதைப் போட்டுக்கொண்டு வெனிஸில் ஆடினாள் என்று எழுதிவிட்டார்கள். பெயரை ஏன் அடித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

எலோயிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். நான்காம் நாள் காலையில் அறுபது தாண்டிய ஒரு பெண்மணி மெட்ரோவில் வந்து இறங்கினாள். அகலமான தோள், உரத்த குரல். வெள்ளை வெளேரென்று துவைத்த கசாப்புக்கடை ஏப்ரனில் எதையோ சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"விளம்பரம் குடுத்தது நீதானாம்மா? நான் ஜினெத் தர்பூல். எங்க வீட்டுக்காரருக்கு லே ஆல் சந்தையில கறிக்கடை இருந்துது. இந்தா, உன் பச்சை கவுன்."

எலோயிஸ் ஏப்ரனைப் பிரித்தாள். ஈர இலை மாதிரி பளபளத்தது பட்டு. உள்ளே இடுப்புப் பட்டியில் 118 என்ற எண் அப்படியே இருந்தது. ஆனால் கை இல்லை. ஆர்டர் புத்தகத்தின் துணிக் கணக்கில் குறித்திருந்த, பின்னால் தரையில் புரளும் நீண்ட வாலும் இல்லை. இடுப்பு மட்டும் தாராளமாக அகன்றிருந்தது.

செய்தி கேட்டு இயக்குநர் ஃபவ்ரோல் ஓடி வந்தார். ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஐயையோ, இடுப்பை யாரோ நாசம் பண்ணியிருக்காங்களே! பிரிச்சுப் பழையபடி ஒடுக்கிடுங்க, எலோயிஸ். காணாமப் போன கையையும் வெச்சுத் தைக்கச் சொல்லுங்க."

"முசியே," என்றாள் ஜினெத், "அந்த இடுப்பு என்னோடது. நாசம்னு என்னைச் சொல்றீங்களா, துணியைச் சொல்றீங்களா?"

ஃபவ்ரோல் அவசரமாகக் கவுனின் தோள்பக்கம் கைகாட்டினார். ஜினெத் விடவில்லை.

"கையாம் கை! அதுக்கு எப்பவுமே கை கிடையாது. உங்க இளவரசியும் அதைப் போடல. பச்சைன்னதும் அபசகுனம்னு எந்திரிச்சுப் போயிட்டாளாம். வேற எவளும் தொடல. உங்க முதலாளி கஸ்தரெல் வாராவாரம் வியாழக்கிழமை எங்க கடைக்குத் தானே வந்து கன்னுக்குட்டிச் சிறுநீரகம் பொறுக்கி எடுப்பார். நல்ல சாப்பாட்டுப் பிரியர். அன்னிக்கு நான் அரை ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வரேன், அப்படியே பார்த்துக்கிட்டே நிக்கறார். என் புருஷன் ஃபெர்னான், 'என்னய்யா, ஆட்டைப் பார்க்கறியா, எம் பொண்டாட்டியப் பார்க்கறியா?'ன்னு கத்திய வெச்சுக்கிட்டே கேட்டார்."

"அவர் என்ன சொன்னார்?" என்றாள் எலோயிஸ்.

"'தோளைப் பார்க்கறேன். அந்தத் தோளுக்குன்னே ஒரு உடை எங்கிட்ட சும்மா தொங்குது'ன்னார். மாசம் ஒண்ணா பன்னெண்டு ஆட்டுத்தொடைன்னு பேசி முடிச்சாங்க. 'பச்சை ஆகாதாமே உங்க ஆளுங்களுக்கு?'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு?'ன்னார். 'கறிக்கடையில பச்சைன்னா தட்டைச் சுத்தி வைக்கற பார்ஸ்லிக் கீரைதான், முசியே'ன்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவருக்கு இருமலே வந்துடுச்சு."

எலோயிஸும் சிரித்துவிட்டாள். ஃபவ்ரோல் மட்டும் சிரிக்கவில்லை. "கதை நல்லா இருக்கு, மதாம். ஆனா சாட்சி வேணுமே. இந்த இடுப்பைப் பிரிச்சுத் தைச்சது யாரோ தெருமுனைத் தையற்காரின்னுதான் எனக்குத் தோணுது."

எலோயிஸ் கவுனை உள்புறம் திருப்பினாள். இரண்டு பக்கமும் அதே பட்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. பட்டில் இழை ஓடும் திசையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாலை வெட்டித்தான் இடுப்பில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு தையலைப் பார்த்தாள். ஒவ்வொரு இழையும் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து கஸ்தரெல் தானே தைத்துப் பார்த்த பழைய மாதிரித் துணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே சாய்வு.

"அவர் இடதுகைக்காரர், முசியே. அப்போ இந்தக் கூடத்துல வேற யாரும் இடதுகைக்காரங்க இல்ல, இடதுகைக் கத்தரிக்கோல் அவருக்கு மட்டும்தான் வாங்கினதா கணக்குப் புத்தகத்துல இருக்கு. இது அவர் கைத்தையல்."

"பின்னே?" என்றாள் ஜினெத். "வாயில குண்டூசிய வெச்சுக்கிட்டுத் தரையில மண்டி போட்டு அவரேதான் தைச்சார். 'வாலை வெச்சுக்கிட்டு இந்தம்மா எப்படி ஆடுவா?'ன்னு கத்தரிக்கோலை எடுத்தார்."

ஃபவ்ரோல் நாற்காலியில் உட்கார்ந்தார். "அழைப்பிதழ்ல இளவரசின்னு அச்சடிச்சாச்சே, எலோயிஸ்."

ஒன்பது வருடமாக அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள், அன்று ஆட்டவில்லை. "இளவரசிய அவரே அடிச்சிட்டார், முசியே. நாம எதுக்கு மறுபடி எழுதணும்? இடுப்பை ஒடுக்கினா, அவர் கைபட்ட தையலையே நாம பிரிச்சுப் போட்ட மாதிரி. நான் அதைச் செய்ய மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். ஃபவ்ரோல் குனிந்து அந்தத் தையலை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, "சரி, வேற அழைப்பிதழ் அடிக்கச் சொல்லுங்க," என்று முனகிக்கொண்டே எழுந்து போனார்.

அடுத்த சிக்கல், காட்சிக்கு வைக்கும் பொம்மைகள். எல்லாமே ஈர்க்குச்சி உடம்பு. எலோயிஸ் டேப்பை எடுத்துக்கொண்டு ஜினெத்திடம் வந்தாள்.

"அன்னிக்கு இருந்த அளவா, இன்னிக்கு இருக்கற அளவா?" என்று கேட்டாள் ஜினெத்.

"கவுனுக்கு எது சரியா வருமோ அது, மதாம்."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதான். சும்மா அள."

மூன்று மூட்டைப் பஞ்சு வைத்து அடைத்தபிறகுதான் பொம்மை கசாப்புக்கடைக்காரர் மனைவியாக மாறியது.

அக்டோபரில் கண்காட்சி திறந்த மாலை, சீமாட்டிகளின் நாற்பது கவுன்களையும் விட்டுவிட்டுக் கூட்டமெல்லாம் 118-ஐச் சுற்றி நின்றது. நடுவில் ஃபவ்ரோல், தானே அன்று கடைவாசலில் நின்றவர் போல, ஆட்டுத்தொடைக் கதையை ஏழாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜினெத் ஓரமாக நின்று, "கத்திய விட்டுட்டீங்க, முசியே, கத்திய!" என்று எடுத்துக் கொடுத்தாள்.

கண்காட்சி முடிந்ததும் கவுனை நிறுவனத்துக்கே கொடுத்துவிடும்படி ஃபவ்ரோல் நயந்து கேட்டார். நல்ல விலையும் சொன்னார். ஜினெத் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"ஜனவரியில கறிக்கடைக்காரங்க சங்கத்து நடன விருந்து இருக்கு. நான் வேற எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

அந்த விருந்துக்கு எலோயிஸுக்கும் அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், விளக்கு வெளிச்சத்தில் ஜினெத் பச்சைப் பட்டில் சுழன்றுகொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இத்தனை நாள் அந்தக் கவுன் மூச்சுவிடாமல் நின்றிருந்தது என்று எலோயிஸுக்கு அப்போதுதான் தோன்றியது. பாட்டு முடிந்ததும் ஃபெர்னான் வழுக்கை வியர்க்க அவளிடம் வந்து கையை நீட்டினார்.

"வாம்மா, ஒரு சுத்து ஆடலாம். எம் பொண்டாட்டி காலை மிதிச்சே ஓய்ஞ்சுட்டேன், இனி உன் காலை மிதிக்கறேன்."

எலோயிஸ் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.