ஃப்ரிட்ஜ் மறக்காத சனிக்கிழமை

“என்ன கதவு, சௌக்கியமா?”

குரல் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. அக்கா புருஷன். சோலார் கடையில் ஸ்டூலில் ஏறி பேட்டரிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

இரண்டு வருஷமாகக் குடும்பத்தில் அவள் பெயர் அதுதான். வைத்தவர் அவரே. பதினோரு பேர் வேனில் போய்க் காட்டோரம் கூடாரம் போட்ட அந்த சனிக்கிழமை, கையோடு கொண்டுபோன சின்ன ஃப்ரிட்ஜில் வைத்த கறி கெட்டு, அத்தனை பேரும் வாந்தி பேதியோடு திரும்பினார்கள். அக்காவின் மகள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மச்சினிதான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுவிட்டாள் என்று அத்தான் அடித்துச் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து இவள் கை பட்ட எதையும் அக்கா தன் மகளுக்குக் கொடுப்பதில்லை.

அந்த அக்கா இப்போது வாசலில் நின்று, தங்கையைப் பார்க்காமல் சுவரிலிருந்த பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் மேஜைமேல் வைத்ததைக் கண்டதும் இவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அதே ஃப்ரிட்ஜ். இவள் இரவல் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வராதது, இன்று தானாக வந்திருக்கிறது.

அடுத்த வாரம் ஐந்து நாள் பயணம், கரண்ட்டே இல்லாத இடம், இதை ஓட்டப் பழைய பேனலோடு சின்னதாக இன்னொரு சோலார் பேனல் போதும் என்றார் அத்தான். போன பயணம் முடிந்து பரணில் போட்டதுதான், அப்புறம் யாரும் தொடவில்லையாம்.

“பழைய பேனல் எங்கே அத்தான்?”

“வேன் கூரையிலதான். ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. நானே மாட்டினது.”

“வேனை எங்கே நிறுத்துவீங்க?”

“மர நிழல்லதான். வெயில்ல நிறுத்தினா ஃப்ரிட்ஜ் என்னத்துக்கு ஆகும்? கொஞ்சம் மூளையும் வேணும்ல?”

இவள் வாசலுக்குப் போனாள். வாசலில் வெயிலில் விரித்திருந்த பேனலின் மேல் ஒரு அட்டையைப் பிடித்தாள். அதன் மீட்டர் நூற்றறுபது வாட்டிலிருந்து இருபதுக்கு விழுந்தது. அக்கா முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட் சாப்பிடும். ஒரு யூனிட் பேட்டரி, இருநூறு வாட் மடக்குப் பேனல், பத்து மீட்டர் ஒயர். வேன் நிழல்ல இருக்கட்டும், பேனல் வெயில்ல கிடக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜைப் படிக்கணும். இங்கே யாருக்கும் படிக்காம பேனல் கொடுக்கறதில்லை.”

“படிக்கறதுன்னா?”

“வாயால சொல்ற கணக்கை நாங்க நம்பறதில்லை. எப்போ ஓடுச்சு, எப்போ நின்னுச்சு, கதவு எத்தனை தடவை திறந்துச்சு, எல்லாத்தையும் இது எழுதி வெச்சிருக்கும்.”

அத்தானின் கை ஃப்ரிட்ஜை நோக்கி நீண்டது. இவள் லேப்டாப் ஒயரை அதற்குள் சொருகிவிட்டிருந்தாள். அவசரம் வேண்டாம், வேறு கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முணுமுணுத்தார்.

“இருங்க,” என்றாள் அக்கா.

திரையில் ஃப்ரிட்ஜ் கடைசியாக ஓடிய நாள் வந்தது. அதே சனிக்கிழமை. இவள் அவசரமே படாமல், ஒவ்வொரு வரியாக, பல்லில் கடித்துத் துப்புவது போல் வாசித்தாள்.

“கதவு திறந்து கிடந்த நேரம், பூஜ்யம். காலை பத்து இருபது, கரண்ட் போதாம நின்னுடுச்சு. மத்தியானம் உள்ளே முப்பது டிகிரி. சாயங்காலம் ஆறு அஞ்சு, வேன் இன்ஜின்லேர்ந்து கரண்ட் வந்திருக்கு. ராத்திரி எட்டு மணி, நாலு டிகிரி.”

அன்று கறியை அடுப்பில் ஏற்றியது எட்டேகாலுக்கு. மூன்று பேருக்கும் அது தெரியும்.

அக்கா தன் புருஷனிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“போன் சார்ஜ் போடறேன்னு ஆறு மணிக்கு வேன்ல தனியா உக்காந்திருந்தீங்களே.”

“ஜில்லுன்னு ஆயிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்…”

“அந்தக் கறியை என் பொண்ணுக்கு ஊட்டிவிட்டேன்.”

அக்கா செல்போனை எடுத்தாள். திரையைப் படம் பிடிக்கப் போகிறாள் என்று புரிந்ததும், வெளிச்சம் பட்டு எழுத்து மங்காமல் இருக்க இவள் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தாள். படம் குடும்ப குரூப்புக்குப் போனது. இவளை அத்தான் எப்போதோ தூக்கியெறிந்த குரூப்.

அவர் சட்டைப்பையில் ஒரு முறை மணி அடித்தது. உடனே இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

“எடுத்துப் பாருங்க அத்தான்,” என்றாள் இவள். “கதவு காத்திருக்கேன்.”