யாருடைய கம்பளி

காலால் மூன்றாவது முறையும் கம்பளியை உதறித் தள்ளினார் தசரதன். பெண்சாதி செங்கமலம் மறுபடியும் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜுரத்தில் உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது, ஆனாலும் வீம்பு போகவில்லை.

அந்தக் கம்பளிமேல் ஒரு வழக்கு உண்டு. அம்பத்தூர் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அவர் வாங்கி வந்தது. ஓரம் பிரிந்ததும் தன் பச்சைப் புடவையைக் கிழித்துச் சுற்றிலும் கரை தைத்தவள் அவள். மார்கழி வந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். "கம்பளி என்னுது, கரை வேணா உன்னுது" என்பார். போதாததற்கு அதன்மேல் மூக்குப்பொடியை வேறு கொட்டிவைப்பார். போர்த்தினால் அவளுக்குத் தும்மல் நிற்காது. தெருவுக்கே தெரிந்த சண்டை. அவளுக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

இப்போது அவர் அவள் கையைப் பிடித்தார்.

"உன்னுதுதான். எட்த்துகினு போயி பொட்டியில வை."

"இன்னாது?"

"கம்பளி. உன்னுதுதான்."

ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மனுஷன். ஜுரம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாள். சொன்னதைச் செய்யாவிட்டால் தூங்கமாட்டார் என்று, அதை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டு வந்து, தன் பழம்புடவையைப் போர்த்திவிட்டாள். நடுங்கிக்கொண்டே தூங்கினார். உச்சிப்பொழுதுக்குள் நடுக்கம் நின்றது. மூச்சும் நின்றுவிட்டது.

சாயங்காலம் பாடை கிளம்பும்போது, பங்காளி பரசுராமன் பாயையும் தலையணையையும் பழம்புடவையையும் சுருட்டினான். செத்தவர் படுத்தது, போர்த்தியது எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. கூடவே சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும்.

"அண்ணி, அண்ணனோட கம்பளி எங்க?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படுத்தபடியே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார் கிழவர். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

"அது என்னுது" என்றாள். "அவரே சொல்லிட்டாரு."

பரசுராமனுக்கும் அந்த வழக்கு தெரியும். "அண்ணனா சொன்னாரு?" என்று கேட்டான். பிறகு கம்பளி இல்லாமலே மூட்டையை முடிச்சுப் போட்டான்.

ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனபின், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவளுக்குக் குளிர் தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டாள். உடனே தும்மல் வந்தது. அடுத்ததும் வந்தது.

"உதறிட்டு போத்திக்கக்கா" என்றாள் பரசுராமன் பெண்சாதி கோவிந்தம்மா.

செங்கமலம் உதறவில்லை. பச்சைக் கரையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தும்மினாள்.