மேட் கறுப்பு

கறுப்பு பைக்கைக் கழுவி முடித்து, பைக் சர்வீஸில் வண்டி கழுவும் பெண் அதைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது, டேங்க்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் அது பளபளவென்று இருந்தது.

"தங்கச்சி, அந்தக் கட்டி வாக்ஸ் டப்பாவ எடு" என்றார் கண்ணாடி.

கொட்டகையில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிதான். அவர் மெருகேற்றிய டேங்க்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி அவர் மூக்கின் மேல் கண்ணாடி கிடையாது. அது இருக்க வேண்டிய நாள் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. டப்பாவை எட்டப் பிடித்துப் பார்த்தாலும் எழுத்துகள் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தன. போன வருஷம் பெயிண்ட் அடிக்கிறவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே, "கண்ணு போனவனை வச்சு நான் என்ன பண்றது?" என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். அதை நினைத்தே இவர் தன் கண்ணைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்தக் கொட்டகை தன்னைச் சேர்க்கும் என்ற பயம் அவருக்கு.

அவள் டப்பாவை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

"அண்ணே, இது மினுங்காத மேட் பெயிண்ட் மாதிரி இருக்கு. இதுக்குக் கட்டி வாக்ஸ் ஆகாதே. தெளிக்கிற பாட்டில எடுக்கட்டுமா?"

அவர் கொஞ்சம் பொறுத்து, டேங்க்கை உலரவிட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்தாலும் தெரியுமோ தெரியாதோ என்ற கூச்சம் கோபமாக வெளியே வந்தது. "நீ வண்டி கழுவ வந்து எத்தனை நாள் ஆச்சு? எனக்கே பாடம் எடுக்கிறியா? வண்டியத் துடைச்சிட்டு டப்பாவக் குடு."

அவள் வண்டியைத் துடைத்து, டப்பாவைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

வட்ட வட்டமாகத் தடவினார். எந்த பெயிண்ட் ஆனாலும் வாக்ஸ் காயும்போது வெள்ளையாகப் பூத்து நிறத்தை மூடிவிடும், அதனால் அதுவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய துணியால் துடைக்கத் தொடங்கியபோதுதான் துணி வழுக்காமல் பிடித்துப் பிடித்து நின்றது. வண்டியை வாசல் வெளிச்சத்துக்குத் தள்ளினார். மங்கலான கறுப்பு முழுக்கத் திட்டுத் திட்டாக மினுங்கியது, எண்ணெய்க் கையை வைத்துத் தேய்த்த மாதிரி. இத்தனை வருஷப் பழக்கம் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் தேய். பாலிஷை எடுத்து அழுத்தித் தேய்த்தார். மேட் பெயிண்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. இனி புதிதாக பெயிண்ட் அடித்தால்தான் உண்டு.

வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் முதலாளி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"வாங்கி நாலு மாசம்தான் சார் ஆகுது! மேட்டுனு பாத்தாலே தெரியாதா?"

"யார்றா இதுக்குக் கட்டி வாக்ஸ் போட்டது?" என்று கேட்ட முதலாளி, கண்ணாடியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியாதா? டப்பாவ யார் எடுத்துக் குடுத்தது?"

"தங்கச்சிதான் எடுத்துக் குடுத்துச்சு" என்றார் கண்ணாடி. அது பொய் இல்லை.

அவள் குழாயை மூடிவிட்டு வந்தாள். "சார், நான் வேணாம்னு சொன்னேன். மேட் பெயிண்ட்னு சொன்னேன்."

"இவரு பன்னெண்டு வருஷமா வாக்ஸ் போடுறாரு. இவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதா?" முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "சொன்னாளா?"

கண்ணாடி குனிந்து கையிலிருந்த துணியை மடித்தார். நாலாக மடித்ததை எட்டாக மடித்தார்.

"என் காதுல விழலைங்க."

அவள் அவரையே பார்த்தாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாம், ஒரே ஒரு வரிதான் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே நின்றார். அதற்குள் முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லி முடித்துவிட்டு, வண்டிக்காரர் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார்.

அவள் காலில் இருந்த ரப்பர் பூட்ஸ் கொட்டகையுடையது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து அவற்றைக் கழற்றினாள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற பாதங்கள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் அருகில் வந்தபோது, திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். "உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்ணே. அதான் டப்பாவையெல்லாம் நானே பாத்து எடுத்துக் குடுத்துட்டிருந்தேன். இப்பவும் முதலாளிகிட்ட சொல்லலை. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"தங்கச்சி..." என்றார்.

"மேட்டுக்கு நீல மூடி பாட்டில்ணே. நிறமாவது தெரியுதில்ல?"

அவர் தலையாட்டினார். அவள் போய்விட்டாள். முதலாளி அறைக்குள்ளிருந்து, "கண்ணாடிக்கு ஒரு டீ சொல்லுங்கப்பா, மனுஷன் ஆடிப் போயிட்டாரு" என்ற குரல் வந்தது. டீ வந்தது. அவர் அதைக் குடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வேறொரு பெண் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி பூட்ஸைக் காட்டினார். அவள் வலது காலை நுழைத்து, முகத்தைச் சுளித்து, வெளியே எடுத்தாள்.

"உள்ள இன்னும் ஈரமா இருக்குங்க."

"போட்டுக்கம்மா, எப்படியும் நனையத்தான் போகுது" என்றார் முதலாளி. கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பாமல் அலமாரித் தட்டிலிருந்த பாட்டில்களின் மூடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் அவள் இரண்டு கால்களையும் பூட்ஸுக்குள் விட்டு எழுந்து நடந்தபோது, அடியெடுத்து வைக்கும்தோறும் உள்ளேயிருந்த தண்ணீர் சளக் சளக்கென்றது.