நான்காவது டிஸ்க்கைப் பிடுங்கியவர்

அக்கா புருஷன் மேனேஜராக இருக்கும் ஸ்கேன் சென்டருக்குள் அவள் மறுபடி கால் வைத்தது மூன்று வருஷம் கழித்து. இப்போது வேறொரு கம்பெனியின் டெக்னீஷியன். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பழைய சர்வருக்குப் புது டிஸ்க்குகளைச் சோதித்துப் பொருத்த வேண்டும்.

“நீயா வந்திருக்கே?” மாமாவின் முகம் சுருங்கியது. “டாக்டரம்மா முன்னாடி பழைய கதையெல்லாம் எடுக்காதே.”

“டிஸ்க் மாத்தத்தான் வந்தேன், மாமா.”

பழைய கதை இதுதான். அந்த சர்வரில் ஆறு டிஸ்க். ஒன்று செத்தால் மற்ற ஐந்தும் தாங்கிக்கொள்ளும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. மூன்றாவது டிஸ்க் செத்து மஞ்சள் விளக்கு எரிந்தபோது, “மாத்து டிஸ்க் வர ரெண்டு நாளாகும், யாரும் தொடாதீங்க” என்று சொல்லி, சர்வர் அறைச் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனாள். திரும்பி வந்தால் நாலாயிரம் நோயாளிகளின் படங்கள் இல்லை. “போறப்போ இவதான் நல்ல டிஸ்க்கைப் பிடுங்கி வெச்சிட்டுப் போயிருக்கா” என்றார் மாமா. அன்றைக்கே சென்டரின் முதலாளி டாக்டரம்மா அவளை வெளியே அனுப்பினார். சர்வர் அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. “வேலை வாங்கிக் குடுத்தவரையே தலைகுனிய வெச்சிட்டியே” என்று அக்கா அவளோடு பேசுவதையே நிறுத்தினாள். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ‘டிஸ்க்முழுங்கி’.

கொண்டுவந்த ஏழு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகச் சொருகி, கெட்ட இடம் இருக்கிறதா என்று முழுக்கப் படிக்க விட்டாள். ஆறு தேறின. ஒன்றை ஒதுக்கி வைத்தாள். சோதனை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கும் கண்ட்ரோலர் கார்டின் பழைய லாக்கை, யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவை, திறந்தாள். டிஸ்க்கை அழித்தாலும் கார்டு மறக்காது.

அப்பாவின் ஆபரேஷன் நாள். காலை 11.14: நான்காவது டிஸ்க் வெளியே எடுக்கப்பட்டது. 11.31: எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்க உத்தரவு. கொடுத்தவர்: மேனேஜர். செத்ததை விட்டு நல்லதைப் பிடுங்கி, அதை மறைக்க எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்.

மூன்று வருஷமாக மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது ஒரு வசவும் வரவில்லை. பசி எடுத்ததுபோல் இருந்தது.

“அந்தப் பழைய லாக்கையும் அழிச்சிடு,” என்றார் மாமா, வாசலில் நின்று திரையைப் பார்த்தபடி.

“அழிக்கறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுக்கணும். எங்க கம்பெனி ரூல்.” அப்படி ஒரு ரூலே கிடையாது.

காகிதம் வெளியே வந்ததும் மாமா எடுத்துப் படித்தார். குரல் இறங்கிவிட்டது. “வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்மா. உங்க அக்கா முகத்துக்காகவாவது...”

“எனக்கும் ஒரு முகம் இருந்துச்சே, மாமா.”

இன்னொரு பிரதியை டாக்டரம்மாவின் மேஜையில் அவளே கொண்டுபோய் வைத்தாள். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். “அன்னிக்கு சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டார். பின்னாலேயே வந்திருந்த மாமா, “என்கிட்டதான்” என்றார்.

அவள் திரும்பிப் போய் ஆறு டிஸ்க்கையும் பொருத்தி, எல்லாம் பச்சையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். “அவரை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டே. இப்பத் திருப்தியா உனக்கு?”

“ஆமாக்கா. திருப்திதான்.”

மறுமுனையில் அழுகை. அவள் போனை வைக்கவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.